அடுத்த இதழ் வரும்வரை: மன்னார்க் கரையில் தொடர்கதை வாசிப்பும் ஊகமும்

இலக்கிய வரலாறு என்ற பெயரில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் எழுதியவர்களின் வரலாறுகளே. நூலின் பெயர், ஆசிரியரின் பெயர், பதிப்பித்த ஊர், பதிப்பித்த ஆண்டு என்ற ஒழுங்கில் அவை அமைந்திருக்கும். அந்நூல்களை வாசித்தவர்களைப் பற்றி ஒரு வரியேனும் இருப்பதில்லை. வாசகன் என்பவன் புத்தகத்தைப் பெற்றுக்கொண்டு மௌனமாக இருந்துவிட்டவன் என்றே நமது ஆய்வாளர்களும் கருதி வந்துள்ளனர் போலும். ஆனால் எங்கள் மன்னார்க் கரையில் வாசகர்கள் ஒருபோதும் மௌனமாக இருந்ததில்லை. அவர்கள் வாசித்ததைவிடப் பேசியது அதிகம். அப்பேச்சிலும் மிகுதியாக இடம்பெற்றது, இனி வரப்போவது என்ன என்பதுதான்.

ஒரு நீண்ட கதை முடிவதற்கு முன்னர் அது எங்கே போய்ச் சேரும் என்று அதன் வாசகர்கள் கூடி ஊகிப்பது இன்று உலகெங்கும் ஒரு பெரிய பொழுதுபோக்காகி விட்டது. கட்டாரில் தொழில் புரியும் எனது பழைய மாணவர் ஒருவர் ஜிம் புச்சர் என்ற அமெரிக்க எழுத்தாளரின் நாவல் வரிசையை விடாது வாசிப்பவர். சிக்காகோ நகரத்துத் தெருக்களில் வாடகைக்கு மந்திரத் தொழில் செய்யும் ஹரி டிரஸ்டன் என்பவனின் கதை அது. 2000ஆம் ஆண்டில் தொடங்கி 2020 வரை மட்டும் 17 நாவல்கள் வெளிவந்தன. 2010இல் வந்த நாவலின் கடைசிப் பக்கத்தில் கதாநாயகன் சுடப்பட்டுத் தண்ணீரில் விழுகிறான். சுட்டவன் யார் என்பது அடுத்த ஆண்டுதான் தெரியவந்தது. இடைப்பட்ட மாதங்களில் அவ்வரிசையின் வாசகர்கள் உறங்கியிருக்கமாட்டார்கள் என்று அம்மாணவர் சிரித்துக்கொண்டு கூறினார். அவர் சொல்லச் சொல்ல, இதே கேள்வியை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 70 ஆண்டுகளுக்கு முன்னர், வேறொருவனின் கொலை பற்றிக் கேட்டுக் கொண்டிருந்தார்களே என்ற எண்ணம் எனக்கு உண்டானது. அதன் விளைவே இக்கட்டுரை.

கிஸ்ஸா இரவுகள்

தொடர்கதை வருவதற்கு முன்னரும் எங்கள் ஊர்களில் நீண்ட கதைகள் இருந்தன. தமிழ் இலக்கியத்திற்கு முஸ்லிம்கள் அளித்த புதிய வடிவங்களாகக் கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர், முனாஜாத்து ஆகியவற்றைக் குறிப்பிடுவது மரபு. இவற்றுள் கிஸ்ஸாவும் படைப்போரும் இரவு நேரக் கேள்விக்கு உரியவை. ஒருவர் இராகமிட்டு ஓத, மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பார்கள். யூசுப் நபியின் கிஸ்ஸாவும், முகம்மது ஹனீபாவோடு வாளெடுத்துப் பொருத சைத்தூன் என்ற வீரப் பெண்ணின் கிஸ்ஸாவும் பெண்களிடையே பெருவழக்குப் பெற்றிருந்தன. தமிழ் எழுத்து அறியாத மூதாட்டியர் பலர் அரபுத் தமிழில் எழுதப்பட்டவற்றைத் தடையின்றி வாசித்தனர்.

இக்கேட்போருக்குக் கதையின் முடிவு முன்னரே தெரியும். சைத்தூன் இறுதியில் யாரை மணப்பாள் என்பதை அறியாத ஒருவரும் அச்சபையில் இருந்திருக்க முடியாது. ஆகவே அவர்களின் ஆவல் 'என்ன நடக்கும்' என்பதில் தங்கியிருக்கவில்லை. 'எப்படி நடந்தது' என்பதிலேயே தங்கியிருந்தது. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் பாடிய ஆயிர மசலா, இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையது. அது முழுவதும் வினாவும் விடையுமாகவே அமைந்தது. கேட்பது, விடைக்குக் காத்திருப்பது, விடை வந்ததும் அடுத்ததைக் கேட்பது என்ற பழக்கம் நமது இலக்கியத்தின் தொட்டிலிலேயே இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

முடியாத நூல் ஒன்றை முடித்துப் பார்க்கும் ஆவலும் நமக்குப் புதியதன்று. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5027 விருத்தங்களைக் கொண்டிருந்தும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு முழுவதையும் பாடி நிறைவுபெறவில்லை. எஞ்சியதைப் பனீ அகுமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். இங்கே ஊகத்திற்கு இடமில்லை. வரலாறு அனைவரும் அறிந்தது. பாட்டுத்தான் குறையாக இருந்தது. ஆயினும் நின்றுபோன இடத்தில் மனம் நின்றுவிடாது என்பதற்கு அதுவும் ஒரு சான்றாகும்.

முடிவு தெரியாத கதை நமக்கு அச்சோடு வந்தது. 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெவ்வை 1885இல் அசன்பேயுடைய சரித்திரத்தை வெளியிட்டார். எகிப்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலே களவாடப்பட்டு, இந்தியாவில் வளரும் ஒருவனின் கதை அது. அவன் தன் பெற்றாரை அடைவானா என்பது வாசகனுக்கு முன்கூட்டித் தெரியாது. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமாகக் கொள்ளப்படும் இந்நூலில், கிஸ்ஸாவின் அதிசயங்களும் நாவலின் திகிலும் ஒன்றையொன்று கைபிடித்து நிற்கின்றன. ஆனால் அது நூலாக வந்தது; பொறுமையற்றவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடலாம். புரட்டிப் பார்க்கக் கடைசிப் பக்கமே இல்லாத நிலையை உண்டாக்கியது வாரப் பத்திரிகைதான்.

கப்பலில் வந்த கதை

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பற் சேவை ஒழுங்காக நடைபெறத் தொடங்கியது. சென்னையிலிருந்து ரயில், தனுஷ்கோடியிலிருந்து கப்பல், தலைமன்னார்த் துறையிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு மீண்டும் ரயில். இவ்வழியாக மனிதர்களும் துணிகளும் தபாற் பைகளும் வந்தன. பத்திரிகைக் கட்டுகளும் வந்தன. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்னர் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து வந்தது. 1980களின் முற்பகுதியோடு அதுவும் நின்றது.

மன்னார்த் தீவின் வாசிப்பு வரலாற்றை இக்கப்பலை விட்டுவிட்டு எழுத முடியாது. கட்டுகள் எங்கள் ஊரைத் தாண்டிக் கொழும்புக்குப் போய், அங்குள்ள முகவரின் கையால் பிரிக்கப்பட்டு, மறுபடி அதே ரயிலில் எங்களிடம் திரும்பி வரும் என்று பெரியவர் ஒருவர் கூறுவார். "எங்கட வாசலால போன கதை, கொழும்பைப் பார்த்துப்போட்டுத்தான் எங்களுக்கு வரும்" என்பது அவருடைய வாசகம். துறையில் வேலை செய்த சிலரோடு சினேகம் பிடித்துக்கொண்டால் இரண்டு நாள் முந்திக்கொள்ளலாம் என்பதும் அவர் சொன்னதே. அந்த இரண்டு நாளுக்கு ஊரில் பெரிய மதிப்பு இருந்தது.

1950 ஒக்டோபரில் கல்கி பத்திரிகையில் பொன்னியின் செல்வன் தொடங்கியது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், 1954 வரை வாரந்தோறும் அது வெளிவந்தது. ஓவியர் மணியம் சித்திரம் வரைந்தார். தமிழகத்து வாசகர்களுக்கு அது சோழநாட்டுக் கதை. எங்களுக்கு அதில் வேறொரு சொந்தமும் இருந்தது. இரண்டாம் பாகமான சுழற்காற்றில் வந்தியத்தேவன் கடல் கடந்து இலங்கைக்கு வருகிறான். 'மாதோட்ட மாநகரம்' என்றே ஓர் அத்தியாயத்திற்குப் பெயர். மாதோட்டம் என்பது திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தைக் கரை. மன்னார்ப் பாலத்தைக் கடந்து பெருநிலத்தில் கால் வைத்ததும் எட்டிவிடுகிற இடம். தாம் நாள்தோறும் வண்டியில் கடந்து செல்லும் பற்றைக் காட்டுக்குள் ஒரு மாநகரம் இருந்தது என்பதை எங்களவர் பலர் முதன்முதலாக அறிந்தது பாடப்புத்தகத்திலிருந்து அன்று, ஒரு தொடர்கதையிலிருந்து.

பத்திரிகையை வாங்குபவர் ஆணாக இருப்பார். கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வாசிப்பவன் பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன். அஸருக்குப் பின் திண்ணையில் அவனை உட்கார்த்தி வைத்துக் கேட்பார்கள். காதற் காட்சிகள் வரும்போது அவன் வெட்கப்பட்டு இரண்டு வரிகளை விழுங்கிவிடுவான். உடனே, "என்ன மகன், தாவிப் போறீங்க?" என்று ஒரு குரல் எழும். அவன் தயங்கிய இடத்தைக் கொண்டே அங்கே என்ன எழுதியிருக்கும் என்று பெண்கள் கண்டுபிடித்து விடுவார்களாம். அன்று அவ்வாறு வாசித்த பையன்களுள் ஒருவர், தமது எண்பதுகளில் இருந்தபோது, எனக்கு இதைச் சொல்லிச் சிரித்தார்.

ஊகத்தின் மூன்று வழிகள்

பொன்னியின் செல்வனை வாசித்தவர்கள் எதை ஊகித்தார்கள் என்று நான் கேட்டு வந்த பெரியவர்கள் அநேகமாக ஒரே வகையான விடையையே தந்தனர். அருள்மொழிவர்மர் கடலில் மாண்டார் என்ற வதந்தி கதைக்குள் பரவியபோது ஊரில் கவலைப்பட்டவர்கள் குறைவு. அவர்தான் பின்னர் இராஜராஜன் ஆகிறார் என்பது பள்ளிக்கூடம் போனவர்களுக்குத் தெரியும். ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவான் என்பதும் சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். வந்தியத்தேவன் குந்தவையை மணப்பான் என்பதற்கும் தஞ்சைக் கல்வெட்டு ஆதாரம் உண்டு. அப்படியானால் ஊகிப்பதற்கு எஞ்சியிருந்தது எது? சரித்திரம் பெயர் சொல்லாமல் விட்ட பெண்கள்தாம். நந்தினி யாருடைய மகள்? ஊமை ராணிக்கும் அவளுக்கும் முகம் ஒன்றுபோல் இருப்பது ஏன்? ஓடக்காரப் பூங்குழலியின் கதி என்ன? அரசர்களின் முடிவு கல்லில் இருந்தது. இப்பெண்களின் முடிவு கல்கியின் பேனாவில் மட்டுமே இருந்தது. ஆகவே எங்கள் திண்ணைகளின் பேச்சு முழுவதும் இவர்களைச் சுற்றியே நடந்தது. ஈழக் கரையின் ஒரு தீவில் தனியே வாழ்ந்து, கடலோடும் விலங்குகளோடும் பழகிய ஊமை ராணியை எங்கள் பெண்கள் தமது அயலூர்க்காரியாகவே எண்ணினர்.

அவர்கள் ஊகித்த முறையைப் பிரித்துப் பார்த்தால் மூன்று வழிகள் தெரிகின்றன.

முதலாவது, சரித்திரத்தைக் கொண்டு ஊகிப்பது. ஆசிரியர்மாரும் தபாற் கந்தோரில் இருந்தவர்களும் இவ்வழியினர். நடந்தது இதுதான், கல்கி அதை மீற முடியாது என்பர்.

இரண்டாவது, ஆசிரியரின் குணத்தைக் கொண்டு ஊகிப்பது. 1944 முதல் 1946 வரை வெளிவந்த சிவகாமியின் சபதத்தில் சிவகாமியையும் நரசிம்மவர்மரையும் கல்கி சேர்த்துவைக்கவில்லை. அந்த ஏமாற்றத்தை மறவாதவர்கள், "அந்த மனுசன் பொம்பிளைப் பிள்ளைகளை அழ வைக்காமல் விடமாட்டார்" என்று நந்தினிக்கும் பூங்குழலிக்கும் முன்கூட்டியே இரங்கினர். ஒரு மனிதன் முன்னர் செய்ததைக் கொண்டு இனிச் செய்யப்போவதை அளக்கும் முறை இது.

மூன்றாவது, அடையாளங்களைக் கொண்டு ஊகிப்பது. மணியத்தின் சித்திரத்தில் யார் முகம் யாரைப் போலிருக்கிறது, எந்த அத்தியாயத்தில் எந்த வாள் சொல்லப்பட்டது, யார் பேச்சை முடிக்காமல் நிறுத்தினார் என்று எண்ணிக் கணக்கிடுவது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் இம்மூன்றாவது வழியில் மிகவும் கெட்டிக்காரிகளாக இருந்தனர். சித்திரத்தைப் பார்ப்பதற்கு எழுத்து வேண்டியதில்லை அல்லவா?

கரிகாலனைக் கொன்றது யார் என்ற பெருங்கேள்விக்கு இம்மூன்று வழிகளும் விடை தரவில்லை. காரணம், கல்கியும் விடை தரவில்லை. நந்தினி, இரவிதாஸன், பெரிய பழுவேட்டரையர் என்று பலரைக் கொலை நடந்த அறைக்கு அருகே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, விளக்கை அவர் அணைத்துவிட்டார். கதை முடிந்ததும் வாசகர்களிடமிருந்து கேள்விகள் குவிந்தன. பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்ற வினாக்களைத் தொகுத்து முடிவுரை ஒன்றில் கல்கி பதில் எழுதினார். கற்பனைக் கதையை முடிப்பது போலச் சரித்திரக் கதையை முடித்துவிட இயலாது என்பது அவர் கூறிய சமாதானங்களுள் ஒன்று. கொலைகாரன் யார் என்பது அதற்குப் பின்னரும் முடிந்த முடிபாகவில்லை.

சரித்திரத்திலும் அது முடிந்துவிடவில்லை என்பதுதான் சுவையானது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாஸன், பரமேஸ்வரன் ஆகிய சகோதரர்களைக் குறிப்பிடுகிறது. இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் அவர்களதும் உறவினரதும் நிலங்கள் பறிக்கப்பட்டன. அவர்களை ஏவியவர் யார் என்பதைக் கல் சொல்லவில்லை. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மீது ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். அவர்களும் எங்கள் திண்ணைக்காரர் செய்ததையே செய்தனர் என்று சொன்னால் பேராசிரியர்கள் கோபிக்கக்கூடும். ஆனால் மேலே கூறிய மூன்று வழிகளைத் தவிர அவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை. நடந்தவற்றோடு ஒப்பிடுவது, மனிதரின் குணத்தை எடைபோடுவது, எஞ்சிய அடையாளங்களைப் படிப்பது.

ஆசிரியர் இல்லாத கதை

1954 டிசம்பர் 5ஆந் திகதி கல்கி காலமானார். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த அமரதாரா பாதியில் நின்றது. அவருடைய மகள் ஆனந்தி அதை எழுதி நிறைவு செய்தார். கதை எங்கே போகிறது என்று கேட்டால் சொல்வதற்கு ஒருவருமில்லாத நிலை எல்லா மொழிகளிலும் நேர்ந்திருக்கிறது. 1870இல் டிக்கன்ஸ் இறந்தபோது எட்வின் டுரூட் என்ற அவரது கதை பாதிதான் வந்திருந்தது. டுரூட் கொல்லப்பட்டானா, கொன்றவன் யார் என்று ஆங்கிலேயர் விடாது வாதாடினர். 1914இல் இலண்டனில் ஒரு விளையாட்டு வழக்கையே நடத்தினர். செஸ்டர்டன் நீதிபதி, பெர்னாட் ஷா யூரிமாரின் தலைவர்.

உருது மொழியில் இதைவிடப் பெரியதொரு செய்தி உண்டு. அமீர் ஹம்ஸாவின் தாஸ்தானைச் சேர்ந்த தில்ஸ்மே ஹோஷ்ருபா என்ற மாயக் கதையை இலக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் வெளியிட்டது. முதல் நான்கு பாகங்களை முகம்மது ஹுஸைன் ஜாஹ் எழுதினார். எஞ்சியவற்றை எழுதியவர் அகுமது ஹுஸைன் கமர். கதைசொல்லி மாறினாலும் கதை நிற்கவில்லை. மாய நகரங்களும் சூனியக்காரரும் ஐயார் என்னும் தந்திரக்காரரும் நிறைந்த அக்கதை, இன்று நகரத்து மாயக்கதை என்று பேர்பெற்றிருப்பவற்றுக்கு ஒருவகையில் மூத்த உறவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரும்புக்கையும் குப்பி விளக்கும்

1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் ஈழத்து எழுத்துக்கு நன்மை விளைந்தது. உள்ளூர்ச் சஞ்சிகைகள் நிமிர்ந்தன. வீரகேசரிப் பிரசுரங்கள் பெருகின. ஆனால் தொடர்கதைக்குப் பழகியவர்களுக்கு அது பஞ்சகாலம். கப்பலில் போய் வந்தவர்களின் பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே மறைந்து வந்தவைதான் கிடைத்தன.

அவ்வாறு வந்தவற்றுள் ஒன்று சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் வெளியிடத் தொடங்கிய இரும்புக்கை மாயாவி. ஆய்வுகூட விபத்தொன்றில் சிக்கிய லூயிஸ் கிராண்டேல் என்பவன், மின்சாரம் உடலிற் பாய்ந்தால் கண்ணுக்குத் தெரியாதவனாகி விடுவான். அவனது இரும்புக் கை மட்டும் தெரியும். முதலில் குற்றவாளியாகத் திரிந்து, பின்னர் உளவுப் படையில் சேருகிறவன். 1962இல் இங்கிலாந்துச் சிறுவர் இதழொன்றில் பிறந்த பாத்திரம் இது. மாநகரத் தெருவில் நடமாடும் மாயம் என்ற வகையில், நகரத்து மாயக்கதையை எங்கள் கரை முதலில் அறிந்தது மாயாவியால்தான் எனலாம்.

அக்காலத்தில் எங்கள் கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் இல்லை. குப்பி விளக்கில் அதை வாசித்த பையன்களுக்கு முதலில் எழுந்த கேள்வி, மாயாவி எங்கள் ஊருக்கு வந்தால் எப்படி மறைவான் என்பதே. டோர்ச் பற்றறி போதுமா, போதாதா என்று இரண்டு கட்சிகள் இருந்தனவாம். இரண்டாவது கேள்வி, அவன் நல்லவனா கெட்டவனா என்பது. இதழ்கள் ஒழுங்காக வராதபடியால் பிந்திய கதை முந்தி வரும். முந்தியது பிந்தி வரும். சில வரவே வரா. ஒரு கதையில் கொள்ளையடிக்கிறவன் மற்றொன்றில் நாட்டைக் காக்கிறான். இடையில் என்ன நடந்தது? எங்கள் மூத்தோர் வருங்காலத்தை மட்டும் ஊகித்தனர். இப்பையன்களோ இறந்தகாலத்தையும் ஊகிக்க வேண்டியிருந்தது.

1990

1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் தமது ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம், புதுக்குடியிருப்பு, உப்புக்குளம் முதலிய இடங்களைச் சேர்ந்தோர் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அப்போது நான் சிறுவன். இவ்வரலாறு இச்சஞ்சிகையின் வாசகர்களுக்குப் புதியதன்று. அதை விரித்துரைப்பது இங்கு நோக்கமுமன்று. வாசிப்பு வரலாற்றோடு தொடர்புடைய இரண்டு செய்திகளை மட்டும் பதிவு செய்கிறேன்.

ஒன்று, நூல்கள். வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, மாட்டுத்தோல் முதுகு வைத்துத் தைத்துக் கட்டிய தொடர்கதைகள் பல வீடுகளில் இருந்தன. கிஸ்ஸாக் கையெழுத்துப் பிரதிகள் மௌலூது கிதாபுகளோடு பெட்டகத்தில் இருந்தன. படகில் அவற்றுக்கு இடமிருக்கவில்லை. பிள்ளையையும் முதியவரையும் ஏற்றிய பின்னர் எஞ்சிய இடம் எவ்வளவு என்பது அவரவருக்குத் தெரியும். ஓரிருவர் ஓரிரண்டு பாகங்களைக் கொண்டு வந்தனர். எங்கள் முகாமில் பொன்னியின் செல்வனின் மூன்றாம் பாகம் மாத்திரம் இருந்தது. முதலும் இல்லை, முடிவும் இல்லை.

அந்த ஒரு பாகத்தை வைத்துக்கொண்டு கிடுகுக் கொட்டிலில் எனது உம்மும்மா முழுக் கதையையும் சொன்னார். அவர் எழுத்து வாசிக்கத் தெரியாதவர். திண்ணையில் கேட்டு வளர்ந்தவர். அவருடைய கதையில் கரிகாலனைக் கொன்றவன் இரவிதாஸன். பக்கத்துக் கொட்டில் மாமி சொன்ன கதையில் கரிகாலன் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். இருவரும் தத்தம் கதையை விட்டுக்கொடுக்கவில்லை. கல்கி திறந்துவிட்டுப் போன வாசலை ஒவ்வொருவரும் தமக்கேற்றபடி பூட்டிக்கொண்டனர். பின்னர், ஆசிரிய கலாசாலையில் பயிலும் காலத்தில், ஐந்து பாகங்களையும் வரிசையாக வாசிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கல்கியின் கொலைக் காட்சியை வாசித்தபோதும் என் காதில் ஒலித்தவை அவ்விரு பெண்களின் குரல்களே.

இரண்டாவது செய்தி இதைவிட முக்கியமானது. அம்முகாமில் மற்றொரு தொடர்கதையும் ஓடிக்கொண்டிருந்தது. எப்போது திரும்பிப் போவோம் என்பதே அது. மஃரிபுக்குப் பின் ஆண்கள் கூடியிருந்து அதைப் பேசுவார்கள். சிலர் சரித்திரம் சொன்னார்கள். போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் எங்கள் முன்னோர் விரட்டப்பட்டும் திரும்பியிருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். சிலர் ஆட்சியிலும் போரிலும் இருந்தவர்களின் குணத்தை எடைபோட்டார்கள். இன்னார் முன்னர் இப்படிச் செய்தவர்; ஆகவே இனியும் இப்படித்தான் செய்வார் என்பது அவர்கள் கணக்கு. பெண்களோ அடையாளங்களைப் படித்தனர். நிவாரண அட்டையின் நிறம் மாறினால் அதற்கொரு பொருள். மீன் வாங்க வந்த யாரோ சொன்ன ஒரு சொல்லுக்கு மற்றொரு பொருள். திண்ணையில் நந்தினிக்காகப் பழகிய அதே மூன்று வழிகள்!

வீண் நம்பிக்கை என்று இதைக் கழித்துவிடுவது எளிது. ஊகங்கள் பெரும்பாலும் பொய்த்தன என்பதும் உண்மை. அடுத்த நோன்புக்குள், அடுத்த பெருநாளுக்குள் என்று சொல்லியே இருபது நோன்புகள் கழிந்தன. 2009இல் போர் முடிந்த பின்னரே பெருமளவில் திரும்ப முடிந்தது. அப்போதும் எல்லாரும் திரும்பவில்லை. ஆயினும் அடுத்த பாகம் ஒன்று உண்டு என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், தமது கதை முடிந்துவிட்டது என்ற கூற்றை இருபது ஆண்டுகளாக ஏற்க மறுத்தவர்களே. இருக்கும் துண்டுகளை வைத்து இல்லாததைக் கட்டும் பயிற்சி அவர்களுக்குக் கதைகளால் கிடைத்திருந்தது. எனது கருத்தில் அது சிறிய ஆயுதமன்று.

வகுப்பறையில்

ஊகம் பற்றி நமது சமூகத்தில் ஒரு தயக்கமும் உண்டு. மறைவானவற்றின் அறிவு அல்லாஹ் ஒருவனுக்கே உரியது; வரப்போவதைச் சொல்லுவது குறிகாரன் வேலை என்று கண்டித்த பெரியவர்களும் இருந்தனர். அவர்களின் எச்சரிக்கை மதிக்கத்தக்கது. ஆனால் கதையின் மறைவு கைபு அன்று. அதை மறைத்தவர் ஒரு மனிதர். மறைக்கும்போதே சில தடயங்களையும் வைத்துச் சென்றவர். அத்தடயங்களைத் தேடுவது குறி பார்ப்பதல்ல, கவனமாக வாசிப்பதாகும்.

ஹரி பொட்டர் வரிசையின் ஆறாம் நூல் 2005 ஜூலையிலும் ஏழாம் நூல் 2007 ஜூலையிலும் வெளிவந்தன. இடைப்பட்ட இரண்டாண்டுகளில் ஸ்னேப் என்ற ஆசிரியன் நல்லவனா துரோகியா என்று உலகத்துப் பிள்ளைகள் வாதாடினர். முந்திய ஆறு நூல்களையும் வரி வரியாகப் புரட்டிச் சான்று காட்டினர். அவ்வளவு நுணுக்கமான வாசிப்பை எந்தப் பரீட்சையும் அவர்களிடம் பெற்றிருக்காது. டிரஸ்டன் கதையிலும் அப்படித்தான். சுட்டவனை ஏவியது யார் என்பதற்கு இறுதியில் கிடைத்த விடை, கதாநாயகன் தன் கொலையைத் தானே ஏற்பாடு செய்து, அந்த நினைவையும் அழிக்கச் செய்திருந்தான் என்பது. அதை அறிந்த பின்னர் முந்திய நூலைத் திரும்ப வாசித்தால் தடயங்கள் அங்கேயே கிடக்கின்றன என்கிறார் என் மாணவர்.

எமது தமிழ்ப் பாட வினாத்தாள்கள் நடந்ததை மட்டுமே கேட்கின்றன. யார், எப்போது, எங்கே, யாரிடம் கூறினார்? நான் என் வகுப்பில் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, இனி என்ன நடக்கும், அதற்கு இதுவரை வாசித்ததில் என்ன சான்று என்று கேட்கிறேன். சான்று இல்லாத ஊகத்துக்குப் புள்ளி இல்லை. கடற்றொழிலாளியின் பிள்ளைகள் இதில் எப்போதும் முந்திக்கொள்கிறார்கள். காற்றையும் நீரின் நிறத்தையும் பார்த்து நாளையைச் சொல்லும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள் அவர்கள். ஊகிப்பதும் அதற்கான நியாயத்தை வைப்பதும் அங்கே உணவோடு சேர்ந்த கல்வி.

பதிவு செய்யப்பட வேண்டியவை

2015 மார்ச்சில் தலைமன்னார்த் துறைக்கு ரயில் மீண்டும் வந்தது. ஆனால் அது கொண்டுவந்த கதைகளைக் கேட்டவர்கள் குறைந்துகொண்டே வருகின்றனர். 1950இல் திண்ணையில் வாசித்த 15 வயதுப் பையனுக்கு இன்று 90 வயது. அவனைச் சூழ்ந்திருந்து கேட்டவர்களில் அநேகர் மர்ஹூம்களாகிவிட்டனர். 1990இல் கைவிடப்பட்ட பெட்டகங்கள் திரும்பி வரப்போவதில்லை. எஞ்சியிருப்பது ஞாபகம் மாத்திரமே.

எழுதியவர்களின் பட்டியலை நமது ஆய்வாளர்கள் ஓரளவு நிறைவாகவே தந்துவிட்டனர். இனி வாசித்தவர்களின் பட்டியல் வேண்டும். எந்த வீட்டில் எந்தக் கிஸ்ஸா ஓதப்பட்டது, யார் ஓதினார், எந்தச் சஞ்சிகை எவர் மூலம் வந்தது, கேட்டவர்கள் எந்தப் பாத்திரத்திற்காகச் சண்டை பிடித்தனர், எந்த முடிவை ஏற்க மறுத்தனர் என்பவற்றை ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் குறித்து வைக்க வேண்டும். இதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. ஒரு பயிற்சிப் புத்தகமும், அஸருக்குப் பின் ஒரு மணித்தியாலமும் போதும். மன்னாரில் நான் இதுவரை 11 பேரிடம் கேட்டு எழுதியுள்ளேன். அவர்களுள் நால்வர் இப்போது இல்லை. முசலியிலும் விடத்தல்தீவிலும் கேட்க வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புத்தளத்திலேயே தங்கிவிட்டவர்களிடம் கேட்பதற்கு அங்குள்ள நண்பர்கள் முன்வர வேண்டும்.